எலிப் பத்தியம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மகள் கெட்டது ஒரே ஒரு சொல்லால்.

"ஆய்வுக்கூடத்துல அப்படி என்னதான் பண்றே?" என்று போன வருஷம் அப்பா கேட்டார். மெத்தியோனின், அமினோ அமிலம் என்று தொடங்கினால் கொட்டாவி விடுவார். அதனால் சுருக்கமாகச் சொன்னாள்.

"எலிங்களுக்குப் பத்தியம் போடறேன்ப்பா. புரதத்துல இருக்கற ஒரு சத்தைக் குறைச்சா அதுங்க கூடுதலா வாழுது."

பத்தியம் என்ற சொல் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. முட்டை போயிற்று. மீன் போயிற்று. பாலும் போயிற்று. பேருந்து ஓட்டிய காலத்தில் ஒரு நாளும் தடம் மாறாதவர், பத்தியத்திலா மாறுவார்? எதிர்வீட்டுக்காரர் 'எலியார்' என்றே கூப்பிட்டார். அப்பாவுக்கு அதில் பெருமை வேறு.

இப்போது காலில் அறுவைசிகிச்சை. தையல் பிரித்தும் புண் மூடவில்லை. உடம்பில் புரதம் ஏறாவிட்டால் மறுபடி கத்திதான், விரல்கள் தப்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மகள் அவித்த முட்டையை வைத்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீதானே சொன்னே?"

"எலிக்குச் சொன்னேன்ப்பா!"

"எலிக்கு ஒரு நியாயம், அப்பனுக்கு ஒரு நியாயமா?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "விடுடி. நூறு வயசு இருந்து என் உசிரை வாங்கணும்னு வரம் வாங்கிட்டு வந்திருக்கார்."

எலி வேறு மனிதன் வேறு என்றாள் மகள். இந்த வயதில் பத்தியம் இருந்தால் சதைதான் கரையும் என்றாள். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"நடுவுல முறிச்சா இத்தனை நாள் இருந்ததெல்லாம் வீணாப் போயிடும்" என்றார்.

அவளுக்குப் பொறுமை அறுந்தது.

"அப்பா, எங்க எலிங்க ஒண்ணையொண்ணு கடிச்சுக் குதறிக்கிட்டா என்ன பண்ணுவோம் தெரியுமா? புண்ணான எலியை ஆய்வுலேருந்தே எடுத்துடுவோம். பத்தியத்துல புண்ணு சரியா ஆறாது."

அப்பா திரும்பினார். "எடுத்து?"

"சாதாத் தீனி போடுவோம்."

"அப்புறம் அது எவ்வளவு நாள் இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? அதைக் கணக்குலயே சேர்க்கறதில்லை."

அப்பா கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் முகம். மெதுவாகத் தட்டை இழுத்துக்கொண்டார்.

"கணக்குல இல்லாத எலிக்கு மிளகுத்தூள் உண்டா?"

"கிடையாது."

"எனக்குப் போடு."