திறக்காத விடை

வாசல் மணி அடித்தபோது மாஸ்டர் மனைவியின் உதடுகளை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று காலையில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "பக்கத்துலயே இருங்க சார்" என்று மட்டும் சொன்னாள். துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

வெளியே கொக்கு, லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. கழுத்தை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் திரையைப் பார்க்கிறான் என்று மாஸ்டரின் மனைவி வைத்த பெயர்தான் நிலைத்துப்போனது. அவளிடம் ஆராய்ச்சி மாணவனாக வந்து, தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அவளை விட்டுப் போகாதவன்.

"கொண்டு வந்துட்டீங்களா?" என்று மாஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வந்துட்டேன் சார்."

"நல்ல சேதிதானே?"

கொக்கு செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தான். "மேடம்கிட்டயே சொல்றேன் சார்."

நேற்று மாஸ்டர்தான் போன் போட்டு அவனிடம் கெஞ்சினார். கெஞ்சிப் பழக்கமில்லாத மனிதர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேரை அதட்டியவர். அப்படி அதட்டு வாங்கி, டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவள்தான் பிறகு அவர் மனைவியானாள். அன்று கூப்பிட்ட "மாஸ்டர்" இன்றுவரை மாறவில்லை.

அவள் பார்ப்பது வானத்தைக் கணக்கெடுக்கிற உத்தியோகம். யாராவது கேட்டால் மாஸ்டர் "கணக்கெடுப்பு" என்று சொல்லிவைப்பார். "மக்கள்தொகையா? எங்க வீட்டுக்கு வரவே இல்லையே?" என்பார்கள். "இவங்க யார் வீட்டுக்கும் போறதில்ல. இருந்த இடத்துலேர்ந்தே எண்ணிடுவாங்க" என்பார்.

மலை மேல் இருக்கிற தொலைநோக்கி ஒன்று வருடக்கணக்காக வானத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடித்துத் தள்ளியது. அந்தப் படங்களில் விண்மீன் மண்டலங்கள் கொத்துக் கொத்தாகக் கூடியிருக்கும் இடங்களைத் தேடி, எந்தக் கொத்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வரைபடம் போடுவது அவள் குழுவின் வேலை. மாவு கரைக்கும்போது கட்டி தட்டுகிறதல்லவா, அப்படிப் பிரபஞ்சம் எவ்வளவு கட்டி தட்டியிருக்கிறது, ஏட்டுக் கணக்கு சொல்கிற அளவுக்கா இல்லை அதைவிடக் குறைவா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு கேள்விக்குப் பாதி ஆயுளைக் கொடுத்திருந்தாள்.

விடை கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. ஆனால் யாரும் பார்க்கக் கூடாது. யாருக்கும் தெரியாத ஒரு எண்ணைக் கம்ப்யூட்டரே அதனுடன் கலந்து மூடி வைத்திருந்தது. பார்க்க வேண்டிய தப்பையெல்லாம் பார்த்து, இனி ஒரு புள்ளியும் மாற்றுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திறப்பார்கள். இதைக் குழுவுக்குள் கொண்டுவந்ததே அவள்தான். "வேணும்ங்கிற விடை கண்ணுல பட்டுட்டா அப்புறம் யாரும் தப்பைத் தேடமாட்டாங்க" என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்திருந்தாள்.

தான் போட்ட பூட்டுக்கு வெளியிலேயே நின்று அவள் போய்விடப் போகிறாளே என்பதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

அறைக்குள் போனதும் கொக்கு கட்டிலை ஒட்டி உட்கார்ந்தான். மருந்தின் மயக்கத்தில் அவளுக்கு எதிரில் இருப்பதெல்லாம் புகைமூட்டம்தான். காது மட்டும் தெளிவாக இருந்தது.

"மேடம், எல்லாருக்கும் சம்மதம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

அவள் தலையை மெல்லத் திருப்பினாள். "பாத்துட்டியா?"

கொக்கு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"குரலே சரியில்லையேடா."

"காலைல மேடம். தனியா. திறக்குறப்ப எதுவும் மக்கர் பண்ணி நேரம் போயிடக் கூடாதேன்னு…"

"யார் சொல்லி?"

"நான்தான் சொன்னேன்" என்றார் மாஸ்டர்.

அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை என்பதால் கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் வாங்கினாள். "என் பங்கு இன்னும் முடியல."

சந்தேகமான படங்களைக் குழுவில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கொத்துகள் ஒரே நேர்கோட்டில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இருந்தால், இங்கிருந்து பார்க்க ஒரே பெரிய கொத்தாகத் தெரியும். கம்ப்யூட்டர் ஏமாறுகிற இடம் அது; மனிதக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். படுத்த படுக்கையாகிவிட்டதால் அவள் பங்கு மட்டும் பாக்கி.

"அதை விட்டுடலாம் மேடம். அதனால பெருசா எதுவும் மாறாது."

"மாறாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? விடையைப் பாத்ததுனாலதானே?"

கொக்கு லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"இனிமே நீ படத்தைத் தொடக் கூடாது. திறந்து பாத்ததை எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"நாளைக்கு மீட்டிங்ல—"

"இன்னைக்கு." பிறகு மறுபக்கம் திரும்பினாள். "மாஸ்டர், நீங்க பாருங்க."

"நானா? எனக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதுதான் வேணும்."

கல்யாணமானதிலிருந்து இதை அவள் பாராட்டாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கொக்கு படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். லேப்டாப் மாஸ்டரின் மடிக்கு வந்தது. கறுப்பில் தூவினாற்போல் வெளிச்சப் பொட்டுகள்.

"இருட்டுற நேரத்துல எதிர்ல ரெண்டு வெளிச்சம் வருது" என்றாள் அவள். "லாரியா, ரெண்டு பைக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ரெண்டும் ஒரே மாதிரி எரியுதா, ஒண்ணா ஆடுதான்னு பாப்பேன்."

"இங்க ஆடாது. நிறத்தைப் பாருங்க. ஒரே கொத்துன்னா எல்லாம் ஒரே மஞ்சள். அதுக்குப் பின்னால தூரத்துல வேற கொத்து இருந்தா அது சிவந்து தெரியும். நீங்க சொல்லுங்க, முடிவை நான் சொல்றேன்."

மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எல்லாம் மஞ்சள்தான்."

"ஒண்ணு."

"இதுவும் மஞ்சள்." அடுத்தது. "இதுவும்தான்."

அவர் மனசுக்குள் ஓடியது வேறு. சட்டுப்புட்டென்று இதை முடித்தால் கொக்கு திரும்பி விடையைச் சொல்லிவிடுவான். அவள் காதில் விழுந்துவிடும்.

"ஓரம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எந்த ஓரம்?"

"நீங்க பாக்கல மாஸ்டர்."

"பாத்தேன்மா."

"முடிக்கப் பாக்குறீங்க."

அவருக்குப் பொறுக்க முடியவில்லை. "ஆமா, முடிக்கத்தான் பாக்குறேன். நீ தெரிஞ்சுக்காம போயிடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான். வானம் கட்டி தட்டுனா என்ன, தட்டாட்டி எனக்கென்ன?"

ஜன்னலோரம் கொக்கு மூக்கை உறிஞ்சினான். அவளுடைய கை போர்வை மேல் ஊர்ந்து வந்து மாஸ்டரின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அதில் பிடி என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் சூடுதான்.

"தப்பா தெரிஞ்சுக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

அவர் இன்னொரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"முதல்லேர்ந்து" என்றாள்.

மாஸ்டர் முதல் படத்துக்குத் திரும்பினார். இந்த முறை பார்த்தார். நடுவில் பெரிதாக ஒரு மஞ்சள், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மஞ்சள்கள். அவ்வளவுதான் என்று நினைத்து நகரப் போனவர், இடது பக்கம் கீழே கண்ணை விட்டார். செங்கல் நிறத்தில், மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத சில பொட்டுகள் இருந்தன.

"இங்க கொஞ்சம் சிவப்பா இருக்கு. முன்ன பாத்தப்ப எனக்குத் தெரியல."

"சேர்ந்து இருக்கா, சிதறி இருக்கா?"

"சேர்ந்துதான்."

"அப்ப ரெண்டு." அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. அந்த வாரத்தில் அவளிடமிருந்து அவர் கேட்ட முதல் சந்தோஷம். "பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் மாஸ்டர்.

மத்தியானம் அப்படியே நகர்ந்தது. அவர் ஓரங்களிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். சில இடங்களில் அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "சிதறித்தான் இருக்கு" என்றார். அவள் கேள்விகள் சுருங்கிக்கொண்டே வந்தன. பிறகு "ஒண்ணு", "ரெண்டு" மட்டும். ஒவ்வொரு முடிவுக்கும் முந்தியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை. இனி அவசரப்படுத்துவதில்லை என்று தீர்மானித்திருந்தார்.

"நடுவுல மஞ்சள்" என்று அடுத்த படத்தைச் சொன்னார். "மேல வலது பக்கம் கொஞ்சம் சிவப்பு. மூணு சேர்ந்திருக்கு, ஒண்ணு தள்ளி இருக்கு. எப்படி எடுத்துக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் காத்திருந்தார். தெருவில் யாரோ பின்னால் போகத் தெரியாமல் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். கொக்குதான் முதலில் திரும்பிப் பார்த்தான்.

"சார்" என்றான். "சார்."

நர்ஸ் வந்து பார்த்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனாள். மாஸ்டர் தம்பிக்கும் மச்சினிக்கும் போன் போட்டார். குரல் உடையாமல் பேசி முடித்து, போனை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டார்; அது கீழே விழுந்தது. கொக்கு குனிந்து எடுத்துக் கொடுத்தான். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"நீங்களாவது தெரிஞ்சுக்கணும் சார். விடை என்னன்னா—"

மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சொல்லாதீங்க."

"இனிமே எதுக்கு சார்? மேடமே இல்லாம அது…"

"இன்னும் பாக்கி இருக்கு."

கொக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சொந்தக்காரர்கள் வந்துசேரக் கொஞ்சம் நேரம் இருந்தது. மாஸ்டர் அறைக்குள் போய், நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அதே படம் அப்படியே இருந்தது.

"நடுவுல மஞ்சள்" என்று வாய்விட்டுச் சொன்னார். "மேல வலது பக்கம் சிவப்பு. மூணு சேர்ந்திருக்கு. ஒண்ணு தள்ளி இருக்கு. ஆனா ரொம்பத் தள்ளி இல்ல."

கதவருகே வந்த கொக்கு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "ரெண்டு" என்று சொல்லி, அடுத்த படத்துக்குப் போனார்.