சாட்சிக் கோடு

எங்கள் ஜிம்மில் எடைகளை அடுக்கி வைக்கிற இரும்பு ரேக்கில் மொத்தம் இருபத்து நான்கு நட்டுகள். அதில் ஒரே ஒரு நட்டுக்காக நானும் என் அண்ணனும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அண்ணன் எங்கே என்று கேட்பவர்களிடம், அவனுக்கு முட்டிவலி என்று புளுகிவிடுவேன்.

ஜிம் எங்கள் இருவருடையது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான், இரும்பைப் பார்த்துக்கொள்வது அவன். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகும் என்னை, வந்தவர் போனவர் முன்னால் 'பாப்பா' என்று கூப்பிட்டு மானத்தை வாங்குவான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு ரேக்கைக் கவனிப்போம். முதலில் எல்லா எடையும் தரைக்கு இறங்கும். வியர்வை பட்ட இடத்தில் துரு சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும் என்பதால், ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைப்பது என் வேலை. அவன் டார்ச்சை அடித்து, மூக்கு இரும்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, வெல்டிங்கில் விரிசல் தேடுவான். திரும்ப அடுக்கும்போது கனமானவை கீழ்த்தட்டுக்கு, இலேசானவை மேலே, இரண்டு பக்கமும் சமமாக. எவனாவது முப்பது கிலோவை மேல்தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால் அன்று முழுக்க அண்ணனின் வாய் ஓயாது.

"வீட்ல பீரோவைத் தூக்கிப் பரண்லயா வைக்கிறாங்க இவங்க?"

நட்டு விஷயத்தில் அவன் இன்னும் மோசம். ஸ்பேனரால் இறுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து பக்கத்துச் சட்டம் வரை நேராக ஒரு கோடு இழுப்பான். எடைகளைத் தொப்புத் தொப்பென்று போட்டுப் போட்டு நட்டு தளர்ந்து திரும்பினால், கோடு இரண்டு துண்டாக விலகிவிடும். தொட்டுப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கோட்டுக்கு 'சாட்சி' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். பெயின்ட் வாங்கச் சோம்பல்பட்டு, ஜிம் திறந்த வாரத்தில் என் கைப்பையிலிருந்த அடர்சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டுவிட்டான்.

"அது என் நகத்துக்கு வாங்கினது" என்று சண்டைக்குப் போனேன்.

"உன் நகம் கழண்டு யார் கால்லயும் விழாது, பாப்பா. இது விழும்."

அதற்குப் பிறகு நான் வாங்கிய நகப்பூச்சு ஒன்றுகூட என் நகத்தில் முழுதாகத் தீர்ந்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனர், பிறகு பழைய கோட்டின் மேலேயே புதுக்கோடு. என் கல்யாணத்துக்கு வாங்கிய தங்கநிறம், மகள் பிறந்த வருடத்து ஊதா, அப்புறம் வெகுநாள் வந்த காப்பிநிறம் என்று என் பாதி ஆயுள் அந்த ரேக்கில்தான் ஒட்டியிருந்தது. நட்டு அசைந்திருந்தால் மட்டும் பழையதைப் பஞ்சால் அழித்துவிட்டு, இறுக்கி, புதிதாகப் போடுவான். ஒரு நட்டில் இரண்டு இடத்தில் கோடு இருக்கவே கூடாது. இருந்தால் எது உண்மை என்று யாருக்குத் தெரியும் என்பான். அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜிம்முக்குப் பத்து வருடம் நிறைந்ததைக் கொண்டாடிய மறுவாரம், மேல்தட்டின் வலதுமுனை சரிந்தது. பத்து கிலோ டம்பெல் உருண்டு வந்து, கீழே நின்ற, தினமும் பயிற்சிக்கு வரும் தபால்காரரின் காலில் விழுந்து இரண்டு விரல்களை நசுக்கியது. அந்த முனையைத் தாங்கியவை இரண்டு நட்டுகள். ஒன்று கழன்று எங்கோ போய்விட்டது. மற்றது தொளதொளவென்று ஆடியது. தபால்காரரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அண்ணன் ரேக்கின் முன்னால் உட்கார்ந்து அந்த இன்னொரு நட்டைப் பஞ்சால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"சாட்சியைக் கலைக்கிறியா? கோடு விலகி இருந்திருக்கு. முந்தாநாள் பார்க்காம விட்டுட்டு இப்ப அழிக்கிற."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "ஆமா, நான்தான் சரியா பார்க்கல" என்றான்.

"உன்னை நம்பித்தானே இத்தனை பேர் இதுக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. நீ போயிடு. நானே பார்த்துக்குறேன்."

சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அவனாக வரட்டும் என்று நான் இருந்தேன். வீம்பில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. தபால்காரரே மூன்று மாதத்தில் தாங்கித் தாங்கி வந்துவிட்டார், அண்ணன் வரவில்லை. கழன்றுபோன நட்டுக்குப் பதில் புதியது மாட்டி, கடையில் வாங்கிய வெள்ளை மார்க்கரால் நானே கோடு போட்டேன். நகப்பூச்சு வாங்குவதையே விட்டுவிட்டேன்.

இன்றும் செவ்வாய்க்கிழமை. ரேக்கின் அடிச்சட்டத்தைத் துரு அரித்துவிட்டதால் மதியம் புது ரேக் வருகிறது, பழையது காயலான் கடைக்குப் போகிறது. எடைகளை இறக்கி, தரையோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றி, மூச்சுவாங்க அதை நகர்த்தினேன். அடியிலிருந்த ரப்பர் விரிப்பை உரித்தபோது சுவரோரம் ஒரு நட்டு கிடந்தது.

தூசியைத் துடைத்தேன். ஒரு பக்கத்தில் காப்பிநிறக் கோடு. அடுத்த பக்கத்தில் ரோஸ் கோடு. அண்ணன் தூக்கத்தில்கூட ஒரு நட்டில் இப்படி இரண்டு கோடு போடமாட்டான்.

ரோஸ் போட்டது நான். பத்து வருட விழாவுக்குப் படம் எடுக்கப் போகிறார்கள், கோடெல்லாம் மங்கிக் கிடக்கிறதே என்று, முதல் நாள் சாயங்காலம் புதுப் பாட்டிலைத் திறந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருபத்து நான்கிலும் இழுத்தேன். ஸ்பேனரைத் தொடவில்லை. சட்டத்திலிருந்த பழைய கோட்டைப் பிடித்து, அதற்கு நேராக நட்டின் மேல் இழுத்துக்கொண்டே போனேன். நட்டில் இருந்த காப்பிநிறம் வேறு பக்கம் திரும்பியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. தளர்ந்த நட்டுக்கு, தளரவில்லை என்று என் கையாலேயே பொய்ச்சாட்சி எழுதியிருக்கிறேன். அடுத்த செவ்வாயன்று அண்ணன் டார்ச் அடித்தபோது பளபளவென்று எல்லாமே நேராகத் தெரிந்திருக்கும்.

எடைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அவன் எண் என் விரலுக்கு மறக்கவில்லை.

"சொல்லு பாப்பா" என்றான், நேற்றுத்தான் பேசியவன் மாதிரி.

"அண்ணா, அந்த நட்டு கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"ரப்பருக்கு அடியில. ரெண்டு கோடு இருக்கு. ஒண்ணு ரோஸ்."

"ம்."

"நீ அன்னைக்குத் துடைச்சியே, அதுலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஏன்ணா சொல்லல?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்து நின்ன. சட்டையெல்லாம் ரத்தம். அப்ப சொல்லியிருந்தா அதோட ஜிம்மை மூடியிருப்ப. எனக்கு உன்னைத் தெரியாதா?"

"அதுக்காக நாலு வருஷமா?"

"நீ போகச் சொன்ன, போனேன். நீ கூப்பிடுவன்னு செவ்வாய்க்கிழமை மட்டும் வேற வேலை எதுவும் வச்சுக்கல."

நான் வாய்விட்டு அழுதேன். மன்னிச்சிடு என்று சொன்னது அவனுக்குக் கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. பிறகு, "இப்ப என்ன பண்ணிட்டிருக்க?" என்றான்.

"மதியம் புது ரேக் வருது. முப்பத்திரண்டு நட்டு."

"சாட்சி போட என்ன கலர் வச்சிருக்க?"

"ஒண்ணுமே இல்லண்ணா."

"சரி, வர்ற வழியில ரோஸ் வாங்கிட்டு வர்றேன். நீ முதல்ல ஸ்பேனரை எடுத்து வை."