இடது காலுக்கு எத்தனை டிகிரி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வண்டியை வாங்க ஆள் வருவதாகப் பேச்சு. நான் மாட்டுங்காவில் அந்த வண்டி நின்ற கட்டடத்து வாசலில் போய் நின்றது எட்டே காலுக்கு. ஆக, என் கையில் இருந்தது இரண்டே முக்கால் மணி நேரம்.

என்னைக் கூப்பிட்டது விசாலாக்ஷி மாமி. முந்தின நாள் சாயங்காலம் தாராவியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்திருந்தார். ஒர்க்‌ஷாப் என் வீட்டுக்காரர் சுடலைக்கண்ணனுடையது. ஸ்பானர் பிடிப்பது அவர், ஸ்கேனர் பார்ப்பது நான். ஸ்கேனர் என்றால் வேறொன்றுமில்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகினால் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று திரையில் வரி வரியாகக் காட்டும் ஒரு பெட்டி. அந்த வரிகளை உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். அவருக்கு அது கிடையாது. "நம்பர்லாம் நீ பாத்துக்கோ, நட்டுலாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று கல்யாணமான புதிதிலேயே வேலையைப் பிரித்துவிட்டார்.

மாமி போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிரேமலதா, நான் ஓட்டறதாலதான் வண்டி சூடாறதுன்னு மாமா அதை விக்கப் போறார். நெஜமாவே என்னாலதான்னா விக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும்."

மாமி ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவர். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி, பன்னிரண்டு வருஷத்துப் பழசு. செவ்வாயும் வெள்ளியும் சயானில் இரண்டு தோழிகளை ஏற்றிக்கொண்டு செம்பூரில் பஜனைக்குப் போவார். மூவருக்குமே முட்டி வலி, ரயில் படிக்கட்டு ஆகாது. வண்டி போனால் பஜனையும் போச்சு.

மாமா வெங்கடராமன் கீழே வண்டிக்குப் பக்கத்திலேயே நோட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றிருந்தார். ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர்.

"வாம்மா. ஒனக்கு இங்க வேலையே இல்லை. டயக்னாசிஸ் எல்லாம் நான் பண்ணி முடிச்சாச்சு" என்று நோட்டை நீட்டினார்.

ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டிருந்தார். தேதி, இடம், ஓட்டுநர், சூடு. பத்தொன்பது வரிகள். சூட்டுக் கட்டத்தில் 194, 196, 195, ஒரு நாள் 199. சிக்காகோவில் இருக்கும் மகன் அனந்த் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கி அனுப்பியிருந்தான். அதை வண்டியில் செருகினால் எஞ்சின் சூடு மொபைலில் தெரியும். அதைப் பார்த்து எழுதிய கணக்கு இது.

"தண்ணி நூறுல கொதிக்கும், சின்னக் கொழந்தைக்கும் தெரியும். இது நூத்தித் தொண்ணூத்தஞ்சு. கிட்டத்தட்ட ரெண்டு தடவை கொதிச்சாச்சுன்னு அர்த்தம்!"

"ரெண்டு தடவை கொதிக்க அதென்ன ரசமா?" என்று மாமி படியிறங்கிக்கொண்டே கேட்டார்.

"நீ சும்மா இரு. அம்பர்நாத்திலேர்ந்து வரச்சே சூடு லைட்டு எரிஞ்சுதா இல்லையா? அப்ப ஓட்டினது யாரு?"

"நான்தான். தானே வரைக்கும் டிராஃபிக்ல உருட்டிண்டு வந்தது நீங்க. சீட்டு மாறி நான் உக்காந்து பத்து நிமிஷம் ஆகல்லை."

"எரிஞ்சது யார் உக்காந்தப்போ? அதான் கேள்வி."

நான் ஸ்கேனரைச் செருகினேன். எஞ்சினை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை, சாவியை மட்டும் திருப்பினேன். எஞ்சின் சூடு 30. கியர் ஆயில் சூடு 30. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, காலை வெயில் அளவுக்குத்தான் இருக்கும். சரிதான்.

"மாமா, நீங்களும் உங்க மொபைல்ல பாருங்க."

தீப்பெட்டியை மாற்றிச் செருகிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "எண்பத்தாறு! பாத்தியா? நேத்து சாயங்காலம் நிறுத்தினது. இன்னும் சூடு இறங்கல்லை!"

போனெட்டைத் திறந்து, "தொட்டுப் பாருங்க" என்றேன். பயந்து பயந்து ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு இரண்டு கையையும் வைத்தார்.

"சில்லுன்னுதானே இருக்கு."

"மாமா, உங்களுக்குக் காய்ச்சல் இல்லாதப்ப உடம்புச் சூடு எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலு."

"நூறுல தண்ணி கொதிக்கும்னு சொன்னீயளே. அப்ப இன்னும் ஒண்ணரை டிகிரி ஏறினா நீங்க கொதிச்சிருவீயளா?"

மாமிக்கு முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. நம் ஊரில் காய்ச்சலுக்கு ஒரு அளவு, வெயிலுக்கு வேறு அளவு. காய்ச்சல் ஃபாரன்ஹீட், வெயில் செல்சியஸ். இரண்டையும் டிகிரி என்ற ஒரே சொல்லால்தான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை. அனந்த் வாங்கியது அமெரிக்கக் கருவி. அது காய்ச்சல் கணக்கில் காட்டியதை மாமா வெயில் கணக்கில் படித்துவிட்டார். 195 என்பது நம் கணக்குக்குத் தொண்ணூறு. நல்ல எஞ்சினுக்கு அதுதான் சரியான சூடு.

மாமா சுலபத்தில் விடுகிறவர் இல்லை. "சரி. எஞ்சின் தப்பிச்சுது. லைட்டு எரிஞ்சது நெஜம்தானே? அதுக்கு என்ன சொல்றே?"

நியாயமான கேள்வி. ஸ்கேனரில் பழைய பதிவைத் தேடினேன். லைட்டுக்குக் காரணம் எஞ்சின் இல்லை, கியர் ஆயில் மிதமிஞ்சிச் சூடானது என்று இருந்தது. அந்தத் தீப்பெட்டி கியர் பக்கம் எட்டியே பார்க்காது. நோட்டை மறுபடி புரட்டினேன். ஓட்டுநர் கட்டத்தில் பத்தொன்பது வரியிலும் 'வி' என்றே இருந்தது.

"நீங்க ஓட்டுனப்ப எழுதுனது எங்க மாமா?"

"ஓட்டிண்டே மொபைலைப் பாக்கச் சொல்றியா? சட்டப்படி குத்தம்!"

"சரிதான். அப்ப இன்னைக்கு ரெண்டு பேரும் ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்குதேன்."

மணி எட்டே முக்கால். மாமி ஓட்ட, செம்பூர் நோக்கிக் கிளம்பினோம். நான் அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுதினேன். சயானில் எஞ்சின் 84, கியர் 62. சுன்னாபட்டி சிக்னலில் எஞ்சின் 90, கியர் 75. செம்பூர் போய்ச் சேர்ந்தபோது எஞ்சின் 90, கியர் 83.

"பச்சைத் தண்ணியா கிளம்பினா அப்படித்தான் இருக்கும்" என்றார் மாமா. "இது டெஸ்டே இல்லை."

கோயில் பக்கத்தில் காப்பி குடித்தோம். பிறகு மாமா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்து, சீட்டை முன்னுக்கு இழுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கிளம்பினார். நிதானமான ஓட்டம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண் ஏறியது. 88. 95. சந்தையை ஒட்டி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. 104. எஞ்சின் மட்டும் அசையாமல் 91-இல் நின்றது.

நான் அடுத்த வரியைப் பார்த்தேன். பிரேக்: ஆன். வண்டி போய்க்கொண்டிருக்கிறது, பிரேக் ஆன். வயர் கோளாறோ என்று நினைத்து எட்டிக் கீழே பார்ப்பதற்குள், பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"அரே அங்கிள்! ஏக் பேர் கர் மே சோட்கே ஆவோ!"

"என்ன சொல்றான் அவன்?" என்றார் மாமா.

"ஒரு காலை ஆத்துல வெச்சுட்டு வரச் சொல்றான்" என்றார் மாமி. ஆத்துல என்றால் மாமி பேச்சில் வீட்டில்.

"என்ன திமிரு பாரு!"

ஆட்டோக்காரர் அரை மணியாக மாமாவின் பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார், பாவம். நான் குனிந்து பார்த்தேன். வலது கால் ஆக்சிலேட்டரில். இடது கால் பிரேக் மேல், பூனை கை வைத்த மாதிரி லேசாக.

"மாமா, இடது காலு அங்க என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல்லை. சும்மா வெச்சிண்டிருக்கேன்." பிறகு குரல் இறங்கியது. "இருபத்தெட்டு வருஷம் ஃபியட் ஓட்டினேன். அதுக்குக் கிளட்ச் உண்டு. இந்த வண்டியில அந்தக் காலுக்கு ஒரு உத்தியோகமும் இல்லை. எங்கதான் வெக்கறது?"

ஒரு கால் போகச் சொல்ல, ஒரு கால் நிற்கச் சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டு கியர் ஆயில் வெந்துகொண்டிருந்தது. சயான் வந்தபோது 117.

"நான் வண்டிய எடுக்கறச்சேயே அது சூடாத்தான் இருந்தது" என்றார் மாமா. சொல்லும்போதே அவருக்கே நம்பிக்கை இல்லை.

"அப்ப மாமி இப்ப இதே சூட்டுல எடுக்கட்டும். ஏறுதா இறங்குதான்னு பாத்திருவோம்."

ஓரமாக நிறுத்திச் சீட்டு மாறினார்கள். எஞ்சினை அணைக்கவில்லை. மாமி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "நம்பரைச் சத்தமாப் படி பிரேமலதா" என்றார். அவர் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது. அதே கூட்டம், அதே ஊர்வலம்.

"நூத்திப் பதினேழு. நூத்திப் பதினாறு." சிக்னல். "நூத்திப் பதினொண்ணு." பாலம். "நூத்தி நாலு."

மாமா திரும்பி என் மடியில் இருந்த திரையையே பார்த்தபடி வந்தார். "தொண்ணூத்தெட்டு" என்று நான் படித்தபோது, "பாயிண்ட் நாலா?" என்று கேட்டார். அவரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மாமி சிரித்ததில் வண்டியே கொஞ்சம் ஆடியது. வீட்டு வாசலில் நிற்கும்போது 93.

கியர் ஆயில் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. "இதை மாத்தணும். வேற ஒரு கோளாறும் இல்லை. வண்டி தங்கமா இருக்கு" என்றேன்.

மாமா நோட்டை எடுத்தார், பத்தொன்பது வரிகளுக்கும் குறுக்கே ஸ்கேல் வைத்தே ஒரு கோடு கிழித்தார். கீழே 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, நோட்டை மாமியிடம் கொடுத்தார். "விசாலம், தப்பு எம்மேலதான்."

மாமி அதை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "தப்பு உங்க மேல இல்லை. உங்க கால் மேல."

சரியாகப் பதினொன்றுக்கு, வண்டியை வாங்க இருந்த சிராஜ் மான்குர்த்திலிருந்து வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்தார், டயரைத் தட்டினார். மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டே நின்றார். மாமிதான் முன்னால் வந்து, வண்டி விற்பனைக்கு இல்லை, அலைய வைத்ததற்கு மன்னிக்கணும், ஒரு காப்பி சாப்பிட்டுப் போகணும் என்றார்.

"காடி மே கராபி தீ நா ஆன்ட்டி?" என்று சிராஜ் விடாமல் கேட்டார். வண்டியில் ஏதோ கோளாறு என்றீர்களே?

"காடி மே நஹீ, டாங் மே" என்று மாமி கணவரின் இடது காலைக் காட்டினார். வண்டியில் இல்லை, காலில்.

சிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மரியாதையாக அந்தக் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர் கோ திகாயா?" என்று மாமாவிடம் விசாரித்தார். டாக்டரிடம் காட்டினீர்களா?

"இவளே டாக்டர்தான்" என்று மாமா என்னைக் காட்டினார்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆயில் மாற்ற வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பச் சொன்னேன். "செவ்வாய் முடியாது, பஜனை" என்றார் மாமி. புதன் என்று வைத்துக்கொண்டோம்.

நான் ஸ்கேனரைப் பையில் போடும்போது மாமா நோட்டைத் திரும்ப வாங்கி, புதுப் பக்கம் திருப்பிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை ஐந்து கட்டம். சூடு என்பதற்குப் பக்கத்தில் மறக்காமல் செல்சியஸ் என்று எழுதினார். ஐந்தாவதற்கு என்ன தலைப்பு என்று எட்டிப் பார்த்தேன். 'இடது கால்' என்று இருந்தது.

மாமி அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, அதன் கீழே முதல் வரியைத் தானே நிரப்பினார்: "ஆத்துல."