ஹால் டிவியில் வந்த அறை

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். ஹாலில், டிவியில், அவளுடைய ஜன்னல் தெரிந்தது. அவளுடையது என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை. பத்து நாளில் பதில் சொல்வதாக அந்த அறையின் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள், கெடு நாளையோடு முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பச்சைக் கம்பிகளும், வெளியே எதிர்மாடியில் காய்ந்த போர்வையும், தரையில் கோடு கோடாக விழுந்திருந்த வெயிலும் அவள் தன் கையால் எடுத்த படம்தான். மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் சோபாவில் காலை நீட்டியிருந்தான். கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். மூன்று பேர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

“வாங்க கஸ்டமர் கேர், வாங்க,” என்றான் கணவன். “நல்லா மாட்டிக்கிட்டியா?”

அந்தப் பட்டப்பெயர் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வைத்தது. அவளுக்கு ஒரு பெரிய போன் கடையில் வேலை. பழைய போனில் இருப்பதைப் புதுப் போனுக்கு மாற்றிக் கொடுப்பாள், கிளவுடில் ஏற்றி வைப்பாள், மறந்துபோன பாஸ்வேர்டை மீட்டுத் தருவாள். அடுத்தவர் கல்யாணப் படமும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் நாள் முழுக்க அவள் விரலுக்குக் கீழே ஓடும்; எதையும் பார்க்காமல் பார்க்கப் பழகியிருந்தாள். வருகிறவர்களிடம் அலுக்காமல் ஒன்று சொல்வாள். “மேல ஏத்துறது சுலபங்க. அத யார் யார் பாக்கலாம்ங்கறத மட்டும் நீங்க யோசிச்சுச் சொல்லுங்க.” அவர்கள் பெரும்பாலும் யோசிக்க மாட்டார்கள். “எல்லாரும் பாக்கட்டும்மா, வீட்டு ஆளுங்கதானே,” என்பார்கள்.

சொன்னவளே தன் வீட்டில் யோசிக்கவில்லை. கல்யாணமான புதிதில், எல்லோருடைய போனும் இடமில்லை இடமில்லை என்று அழுதுகொண்டிருந்தபோது, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் அவளே உட்கார்ந்து நான்கு பேரையும் கணவனின் கணக்கில் சேர்த்துவிட்டாள். யார் படம் எடுத்தாலும் ஒரே ஆல்பம். கடைச் சாமான் பட்டியல் எல்லோருக்கும் பொது. நாள்காட்டியும் பொது, அவள் பல் டாக்டரிடம் போகும் நாள் கொழுந்தனின் போனில் மணி அடிக்கும். முட்டிவலியால் வெளியே போக முடியாத மாமியாருக்குப் பொழுது போகட்டும் என்று, ஆல்பத்துக்குப் புதிதாக வரும் படங்கள் டிவியில் தானாக ஓடும்படியும் வைத்தாள். அதோடு விட்டாளா? யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் அவர் போனில் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் மாமியாருக்கு ஒரு நீலப் புள்ளி. “பாலத்துமேல நிக்கறியேம்மா, டிராஃபிக்கா?” என்று பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருக்கும்போது போன் வரும். நடுவில் ஒரு துணிக்கடையில் நுழைந்தால்கூட, வீடு திரும்பியதும் “என்ன கலர் எடுத்த?” என்பார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள். அதட்டிப் பேசியதில்லை, வேலைக்குப் போகாதே என்றதில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கைக்கறை போகக் கழுவிவிட்டு அவள் கேட்காமலே பாத்திரம் தேய்த்துத் தருகிறவன். அவனைப் பற்றிக் குறை சொல்லப் போனால் கேட்கிறவர்கள் அவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனாலும் குளியலறையில் கொஞ்சம் அதிகமாக நின்றால் “என்னாச்சு, வயிறு சரியில்லையா?” என்று மூன்று குரல் வரும் வீட்டில் அவளுக்கு மூச்சு முட்டியது. அழக்கூட அவள் கடையின் ஸ்டாக் ரூமைத்தான் நம்பியிருந்தாள்.

அதனால்தான் மேனேஜர் கூப்பிட்டு, வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறோம், பொறுப்பெடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோது அவள் சம்பளத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போனாள். கிளையைப் பார்த்தாள், பக்கத்துத் தெருவில் மாடியில் ஓர் அறையும் பார்த்தாள். ஒருவர் இருக்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் ஒருவர் கட்டிலில் ஏறி உட்கார வேண்டும். அந்த அறையில் ஜன்னலுக்குக் கீழே அவள் சும்மா நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. “என்னம்மா, ரொம்ப நேரமா ஒரே எடத்துல இருக்க?” என்றார் மாமியார். “சாப்பிடறேன் அத்தை,” என்றாள். பொய் சொன்ன வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படி அவள் சிரித்து நாளாகியிருந்தது.

படம் எடுப்பதற்கு முன்னால் அவள் ஞாபகமாகத் தன் போனில் படங்கள் மேலே ஏறுவதை நிறுத்தித்தான் வைத்தாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்கு வந்தபிறகு அந்தப் படங்களை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு அவளுக்கு அவை தேவைப்பட்டன.

“எப்படிங்க இது…” என்று இழுத்தாள் இப்போது.

“அம்மா ஒரு வாரமா ஒரே புலம்பல். உன் படம் எதுவும் டிவியில வரலயாம். காலையில நீ குளிக்கப் போனப்ப உன் போன எடுத்துப் பாத்தேன். ஏத்துறது ஆஃப்ல இருந்துச்சு. நீ சொல்லிக் குடுத்தியே, அதே மாதிரி உள்ள போயி ஆன் பண்ணிட்டேன்.” அவன் முகத்தில் பரீட்சையில் தேறிய பெருமை. “எவ்வளவு பெரிய விஷயத்த மறைச்சு வச்சிருக்க!”

சண்டை வரும் என்று நினைத்தாள். வந்தால் வரட்டும், அதிலாவது வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று மனதைக் கட்டிக்கொண்டாள்.

“டிரெய்னிங்குக்குப் போன எடத்துல ரூம் எதுக்குன்னு உங்க மேனேஜர்கிட்டயே கேட்டுட்டேன்,” என்றான் அவன். “புது பிராஞ்ச் உனக்குத்தானாம். எங்களுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு சொல்லாம வச்சிருந்தியா? லிஃப்ட் எந்த ஊர்லதான் ரிப்பேர் ஆகல? எனக்கு அங்கயும் வேலை கெடைக்கும். எல்லாருமே போயிடலாம்.”

“நான் காலேஜ் முடிச்சுட்டு வந்து சேர்ந்துக்கறேன் அண்ணி,” என்றான் கொழுந்தன். “அதுவரைக்கும் லீவுக்கு லீவு வருவேன். எனக்கு ஹால்ல ஒரு மூலை போதும்.”

அந்த வீட்டில் ஹாலே கிடையாது. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் டிவியில் படம் மாறியது. அறை முழுவதும் தெரிந்தது. மாமியார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு டிவி அருகே போய், திரையில் ஜன்னலுக்குக் கீழே விரலை வைத்தார்.

“என் கட்டில இங்க போட்டுக்கறேம்மா. காத்து வரும்ல?”

“வரும் அத்தை,” என்றாள்.

“ஃப்ரிட்ஜ் அந்தச் செவுத்துல,” என்றான் கணவன்.

“அண்ணா, கதவு இடிக்கும்.”

“இடிக்காதுடா. மத்ததெல்லாம் பக்கத்து ரூம்ல போட்டுக்கலாம்.”

“ஏங்க, பக்கத்து ரூம்னு ஒண்ணு இல்லீங்க,” என்றாள் அவள். குரல் சிறுத்திருந்தது. “அது ஒரே ரூம்தான்.”

“ஒரே ரூமா?” ஒரு நொடி யோசித்தான். “பரவாயில்ல விடு. மொதல்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம். அப்புறம் பெருசா பாக்கலாம். எங்கள விட்டுட்டு நீ மட்டும் அங்க போயி தனியா கஷ்டப்படுவியா என்ன?”

அவன் குரலில் துளி கிண்டல் இல்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு தோளில் கை வைத்தான். ஆமாம், தனியாகத்தான் போகிறேன், எனக்கு அந்தக் கஷ்டம்தான் வேண்டும் என்று சொல்ல அவளுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவளோ, கட்டிலும் ஃப்ரிட்ஜும் கொழுந்தனின் பையும் வந்து இறங்கிவிட்ட அந்த அறையில் தனக்கு எங்கே இடம் என்று பார்த்தாள். அவள் அன்று நின்ற இடத்தில் அத்தையின் விரல் இருந்தது.

டிவியில் அடுத்த படம் வந்தது. கொழுந்தன் கண்ணைச் சுருக்கினான். “இது என்ன அண்ணி, தெரியாம கை பட்டு எடுத்ததா?”

அது ஒரு கதவின் படம். கதவுகூட இல்லை, கதவில் அறைந்திருந்த ஓர் இரும்புத் தாழ்ப்பாள். மிக அருகில் வைத்து, கை நடுங்காமல் எடுக்கப்பட்டிருந்தது. அதற்கடுத்து அதே தாழ்ப்பாள் போட்ட நிலையில் வந்தது. அதற்கடுத்து வெளிச்சம் மாறி, இன்னொரு கோணத்திலிருந்து.

“தாழ்ப்பாளா?” என்றான் கணவன். “துரு பிடிச்சிருக்கு. நான் புதுசு மாட்டிடறேன்.” அவன் போனைத் திறந்து வண்டிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேர் தேட ஆரம்பித்துவிட்டான்.

மாமியார் மட்டும் விரலை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார்.

“இது கதவுக்கு வெளிப்பக்கமாம்மா?”

“இல்ல அத்தை. உள்பக்கம்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வரைபடத்தில் புள்ளியைத் தேடும்போது கண்ணாடியை மேலேற்றிக்கொள்வாரே, அப்படி ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவளும் பார்வையை விலக்கவில்லை. இருவருக்கும் பின்னால் படம், டிவியில் எல்லாப் படங்களையும் போலவே, தானாக மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது; கதவின் ஓரமும் சுவரும் ஒவ்வொன்றாக வெளியே போய், கடைசியில் திரை முழுவதும் இரும்பு.