நகர்ந்த கோடு

கிளெம் கடைசியாகக் குறைப்பட்டுக்கொண்டது கடுகு சாஸைப் பற்றித்தான்.

"கோனி ஹாட் டாக்ல கடுகே இல்ல ஆர்லீன். எனக்கென்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடா போடற?"

"வேணும்னா நீயே போய் ஊத்திக்கோ. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

அவன் சிரித்துக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தான். எண்ணெய்க் கையை அக்காவின் நல்ல துண்டில் துடைத்தான். அவள் திட்டுவதற்குள் பிக்கப்பின் சாவியை எடுத்துக்கொண்டு, அடிக்கடி சூடேறும் தன் பழைய காருக்கு இன்னொரு தெர்மோஸ்டாட் வாங்கக் கிளம்பிவிட்டான். கடை வாசலில், வண்டிக் கதவில் கை வைத்தபடியே சரிந்து விழுந்தான். மாரடைப்பு. தூக்க வந்தவர்கள் அவன் கையிலிருந்த பையையும் ஆர்லீனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். வியாழன் காலையிலேயே மில்ட் வந்துவிட்டான். ஆற்றோரத்துப் பழங்கால கார்க்காரர்களின் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். கிளெமுக்கு நாற்பது வருஷச் சிநேகிதன், அதே அளவுக்குப் போட்டிக்காரன். கராஜில் நின்ற கிளெமின் பச்சை வண்டியை அவன் பார்த்தான். அறுபத்தொன்பதில் செய்த எட்டு சிலிண்டர் வண்டி. நெடுஞ்சாலையில் ஓடும்போது சாதுவாக இருக்கும். நடை வேகத்துக்கு வந்தால் போதும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு முன்மூடிக்கடியிலிருந்து ஆவி கிளம்பிவிடும். இரண்டு கோடைகளாக இதே கதை.

"ஆர்லீன், மனசக் கல்லாக்கிட்டு சொல்றேன். லாரியில ஏத்திடலாம்."

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனின் வண்டி சவவண்டிக்குப் பின்னால் தன் சக்கரத்திலேயே போகவேண்டும். வீட்டு ஆள்தான் ஓட்டவேண்டும். பெட்டி குழிக்குள் இறங்கும்வரை எஞ்சினை அணைக்கக் கூடாது. போன வருஷம் ஒருவனின் வண்டி லாரி முதுகில் ஏறிப் போனபோது, கிளெம் கல்லறையிலேயே சத்தமாகச் சொன்னான்: "பாவம், செத்தும் இவனுக்கு லிஃப்ட் தேவைப்படுது."

"அதையே நாளைக்கு அவனப் பத்தி எவனாவது சொல்லுவான்" என்றாள் ஆர்லீன். "சொல்ல விடமாட்டேன்."

"கல்லறை வரைக்கும் ஊர்வலம் ஊர்ந்துதான் போகும். அப்புறம் பாதிரியார் ஜெபம் முடியற வரைக்கும் வெயில்ல எஞ்சின் ஓடணும். அந்தாளு சுருக்கி முடிச்சதா சரித்திரமே கிடையாது. வண்டி பொங்கிடும். எல்லார் முன்னாலயும் பொங்கிடும்."

"ரேடியேட்டர் புதுசு. தண்ணி பம்ப் புதுசு. காத்தாடி புதுசு. தண்ணிப் பக்கம் மாத்த இனிமே என்ன மிச்சம் இருக்கு? நெருப்புப் பக்கம் பாரேன்."

"பொறி விழற நேரமா? அத அவன் வாரா வாரம் சரிபார்த்தான். லைட்ட நீதான பிடிச்ச."

பிடித்தது அவள்தான். நூலகத்தில் வேலை முடிந்து வந்து, டைமிங் லைட்டைக் குனிந்து பிடிப்பாள். எஞ்சினின் முன்னால் சுழலும் இரும்பு வளையத்தில் வெட்டியிருக்கும் கோடு, அந்த வெளிச்சத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பக்கத்திலிருக்கும் அளவுத் தகட்டில் அது எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறது என்று உரக்கச் சொல்வாள். பொறி விழும் நேரத்தை மாற்ற, கிளெம் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவான். எண் எப்போதும் சரியாகத்தான் இருந்தது.

"எண் சரி" என்றாள் மெதுவாக. "கோடு சரியான்னு யார் பார்த்தது?"

மில்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கோடு எங்க போகும்? இரும்புல வெட்டினது."

"வளையத்துக்கும் அதத் தாங்கற நடுக்கட்டைக்கும் இடையில இருக்கறது ரப்பர் தான?"

அவன் சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தான். ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னாள். சமையலறையிலிருந்து ஒரு நீளமான ஸ்ட்ராவை எடுத்துவந்து அந்தத் துளைக்குள் விட்டு, நுனியில் விரலை வைத்துக்கொண்டாள்.

"நீ எஞ்சின மெதுவா திருப்பு. பிஸ்டன் மேல வர்றத நான் சொல்றேன்."

நீளப் பிடி ஸ்பானரைப் போட்டு மில்ட் திருப்பினான். ஸ்ட்ரா அவள் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. நின்றது. இறங்கத் தொடங்கியது.

"தாண்டிட்ட. பின்னால வா. இன்னும். நிறுத்து."

பிஸ்டன் உச்சியில் நின்றது. கோடு அப்போது தகட்டின் பூஜ்யத்துக்கு நேராக இருந்திருக்க வேண்டும். இல்லை. இரண்டு விரல் அகலம் பின்தங்கி நின்றது. ரப்பர் தளர்ந்து வளையம் பின்னுக்கு நழுவியிருந்தது. அந்தக் கோட்டை நம்பி வைத்ததால் இரண்டு கோடைகளாகப் பொறி தாமதமாகவே விழுந்திருக்கிறது; சக்கரத்துக்குப் போகவேண்டிய சூடு தண்ணீருக்குப் போயிருக்கிறது.

மில்ட் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அந்த வளையம் என் ரேஸ் வண்டியில இருந்தது ஆர்லீன். அவன் பிறந்தநாளுக்கு நான்தான் கழட்டிக் குடுத்தேன். அவன் செத்த அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. லாரியில ஏத்திட்டா யாரும் அங்க பார்க்கமாட்டாங்கன்னு நினைச்சேன்." அவன் குரல் உடைந்தது. "அந்தக் கடைக்கு அவன் போயிருக்கவே வேண்டாம்."

அவளுக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. தம்பி இருந்திருந்தால் முதலில் கத்தியிருப்பான், பிறகு பத்து வருஷத்துக்கு இதை வைத்தே மில்டைக் கிண்டல் பண்ணியிருப்பான்.

"அழுவறத அப்புறம் அழலாம்" என்றாள். "வேற வளையம் இன்னிக்குக் கிடைக்குமா?"

"கிடைக்காது. இது இன்னும் நழுவலாம். கழண்டுகூட விழலாம்."

"அப்ப மெதுவா ஓட்டறேன். எப்படியும் மெதுவாத்தான போறோம்."

கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, பூஜ்யத்துக்கு நேராக வளையத்தில் புதுக்கோடு போட்டாள். நடுக்கட்டையிலிருந்து வளையம் வரை ரப்பருக்குக் குறுக்கே இன்னொரு கோடு இழுத்தாள். வளையம் மறுபடி நகர்ந்தால் அது உடைந்து காட்டிவிடும். பிளக்கை மாட்டினார்கள். மில்ட் லைட்டைப் பிடித்தான். டிஸ்ட்ரிபியூட்டரை அவள் திருப்பினாள்.

வெள்ளிக்கிழமை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. சவவண்டிக்குப் பின்னால், பக்கத்து இருக்கையைக் காலியாக விட்டு, ஆர்லீன் ஊர்ந்தாள். கல்லறை வாசலில் முள் நடுவைத் தாண்டியது. குழியருகே வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டாள். பாதிரியார் ஆரம்பித்தார். முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். மில்ட் மட்டும் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பச்சை வண்டியின் முன்மூடியையே பார்த்து நின்றான். பாதிரியார் ஆபிரகாமிலிருந்து தொடங்கி வந்தார். முள் சிவப்புக்கு ஒரு நூல் இடைவெளியில் நடுங்கியது. அவள் மூச்சுவிடாமல் அதையே பார்த்தாள். அது அங்கேயே நின்றது.

பெட்டி இறங்கியது. கயிறுகள் மேலே வந்தன. மில்ட் தலையசைத்தான். அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடங்கியது. ஆவி இல்லை.

இறங்கவேண்டும். கிளெம் உட்காரும் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். கிளெம் எப்போதும் செய்ததுபோல அவள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெளிப்பிடியை இழுத்தாள்.