பதினோரு ட்ராப் ஷாட்

என்னைப் போல நல்லவன் உலகத்தில் இல்லை என்று என் மச்சான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் வாயை அடைக்க எனக்கு வழி தெரியவில்லை.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். அவரும் டென்னிஸ் ஆடுகிறவர், நானும் டென்னிஸ் ஆடுகிறவன். அவருக்கு முப்பத்தைந்து வயது, எனக்கு இருபத்தேழு. அந்த வருடம் பெரிய போட்டிக்காக இரண்டு பேரும் ஒரே வாடகை வீட்டில் தங்கியிருந்தோம். அக்காவும் கூட வந்திருந்தாள்.

பெரிய போட்டியில் நூற்றிருபத்தெட்டு பேர் ஆடுவார்கள். அதில் முன்வரிசையில் இருக்கும் முப்பத்திரண்டு பேருக்கு மட்டும் சீடு என்று ஓர் எண் தருவார்கள். அந்த எண் இருந்தால் முதல் இரண்டு சுற்றுகளில் பெரிய தலைகள் எதிரே வர மாட்டார்கள். இல்லையென்றால் குலுக்கலில் யார் வாயில் வேண்டுமானாலும் போய் விழலாம். நான் இரண்டு வருடமாக முப்பத்து மூன்றாவது ஆளாகவே நின்று, இரண்டு வருடமும் முதல் சுற்றிலேயே முதல் இடத்துக்காரனிடம் போய் விழுந்தேன். முந்தின வருடம் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டான், கொண்டுபோன துண்டுகூட நனையவில்லை. உடை மாற்றும் அறையில் எனக்குப் பெயரே ‘முப்பத்திமூணு’தான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக் கூடத்தின் கதவில் பட்டியலை ஒட்டினார்கள். மச்சானுக்கு இருபத்தொன்பது. நான் மறுபடியும் முப்பத்து மூன்று. பட்டியலில் கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே முதல் பெயராக என்னை எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை குலுக்கல். அதற்குள் மேலே இருக்கும் முப்பத்திரண்டு பேரில் ஒருவன் விலகினால் போதும், நான் உள்ளே போய்விடுவேன். அந்த முப்பத்திரண்டு பேரும் என் கண்ணுக்குக் குத்துக்கல் மாதிரி ஆரோக்கியமாகத் தெரிந்தார்கள். வயிற்றெரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை காலை மச்சான் மாடிப்படியில் இறங்கி வருவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பக்கவாட்டில் இறங்கினார். என்னைப் பார்த்ததும் நேராக நடந்தார்.

“முழங்காலா?” என்றேன்.

“சும்மா ஒரு பிடிப்பு. உங்க அக்காகிட்ட மூச்சு விடாத.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் ஆகாதுன்னாரு. எல்லாருந்தான் சொல்றாங்க.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாப்ள, இதான்டா கடைசி. இந்த ஒரு தடவை ஆடிட்டு ராக்கெட்டை ஆணியில மாட்டிடப் போறேன். ஒரு தடவை மட்டும் நல்லா ஆடிட்டுப் போகணும்.”

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டும்போதே என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. இருபத்தொன்பது விலகினால் முப்பது இருபத்தொன்பதாகும், அப்படியே நகர்ந்து வந்து முப்பத்திரண்டு எனக்கு. அந்த நொடியே என்னை நானே செருப்பால் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, காபியைக் குடித்து முடித்தேன்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் பயிற்சிக்குப் போனோம். எங்களுக்குக் கிடைத்தது கடைசி மைதானம், பக்கத்திலேயே துணி துவைக்கும் கட்டிடம், ஈரத் துண்டு வாசனை. அக்கா ஓரத்துப் பெஞ்சில் தண்ணீர் பாட்டில்களோடு உட்கார்ந்தாள்.

போட்டிக்கு முந்தைய பயிற்சிக்கு ஒரு மரியாதை உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பந்தை நடுவாக, எதிரே நிற்கிறவன் கைக்கு வருகிற மாதிரி அடிக்க வேண்டும். சொல்லாமல் ட்ராப் ஷாட் போடக் கூடாது. ட்ராப் ஷாட் என்றால் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் மெல்லத் தட்டி அங்கேயே சாகவிடுவது. பின்கோட்டில் நிற்கிறவன் தலைதெறிக்க ஓடிவந்து, முழங்காலை மடக்கிக் குனிந்து அள்ள வேண்டும்.

முதல் ட்ராப் ஷாட் தெரியாமல் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பந்து ராக்கெட்டின் விளிம்பில் பட்டுத் தொங்கி விழுந்தது. மச்சான் ஓடிவந்து எடுத்தார். எடுத்துவிட்டு நிமிரும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன்.

இரண்டாவது தெரிந்தே போட்டது.

மூன்றாவது, நான்காவது எல்லாம் அப்படித்தான். இரண்டு பந்து நடுவாக அடிப்பேன், அவர் பின்கோட்டில் நிலைகொண்டதும் ஒன்றை முன்னால் போடுவேன். ஒருமுறை இடது பக்கம், ஒருமுறை வலது பக்கம். அவர் ‘போடாதே’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓடிவந்தார், அந்த மனுஷன்.

கடைசிப் பந்துக்கு அவர் வந்து சேரவில்லை. பாதி வழியில் கால் மடங்கி, வலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் வலையைத் தாண்டி ஓடினேன். என் முகத்தில் பதற்றம் இருந்தது, அதில் நடிப்பு இல்லை. ஆனால் அதற்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மச்சான் தரையில் உட்கார்ந்தபடி சிரித்தார். “போதும்டா, புரிஞ்சுடுச்சு. ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் என்னைக் கொஞ்சிக்கிட்டே இருந்தாங்க. நீ ஒருத்தன்தான் வாயால சொல்லாம ஓட வச்சுக் காட்டின. இதோட போய் ஆடியிருந்தா நாலாயிரம் பேர் முன்னால விழுந்திருப்பேன்.” என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நன்றிடா.”

‘இல்ல மச்சான்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், சொல்லவில்லை. அவர் எடை முழுவதும் என் தோளில் இருந்தது.

வியாழக்கிழமை அவர் போட்டி அலுவலகத்துக்குப் போனார், என்னையும் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு. மேஜையில் இருந்த பெண் விலகல் படிவத்தை நீட்டினாள். “நாளைக்குக் குலுக்கல் முடிஞ்சப்புறம்கூட விலகலாமே சார், ஒரு நாள் பார்க்கலாமே,” என்றாள் அவள்.

“வேணாம்மா. இப்பவே விலகினாத்தான் இவனுக்கு எண் கிடைக்கும்,” என்றார் மச்சான். கையெழுத்துப் போட்டார். அவள் புதுப் பட்டியலை அச்செடுத்தாள். அவரே அதை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டிச் சாப்பாட்டுக் கூடம் வரை வந்து, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். நான்கு மூலையும் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். “இனிமே எவனாவது முப்பத்திமூணுன்னு கூப்பிட்டா என்கிட்ட சொல்லு,” என்றார். எனக்கு அந்தக் கதவோடு கதவாக ஒண்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மேலே படுக்கப் போனார். சமையலறையில் அக்கா ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சின்ன வயதில் ஆடப் பழகியபோது தினமும் எனக்குப் பந்து வீசிப் போட்டவள் அவள்தான். என் கை எப்போது எப்படித் திரும்பும் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும்.

“பதினொண்ணு,” என்றாள், திரும்பாமலே.

“என்னக்கா?”

“எண்ணிட்டுத்தான் இருந்தேன். முதல் ஒண்ணு தவறிப் போச்சு. மீதி பத்து?”

வெட்கம் காதுவரை சுட்டது. “நான் மச்சான்கிட்ட சொல்லிடறேன்க்கா. இப்பவே மேல போய்ச் சொல்லிடறேன்.”

அப்போதுதான் திரும்பினாள். “சொல்லக் கூடாது. சொன்னா உனக்குப் பாரம் இறங்கிடும். அவருக்கு? இத்தனை வருஷம் ஆடினவர் இங்கேயிருந்து எடுத்துட்டுப் போக அது ஒண்ணுதான் இருக்கு, மாப்ள தன்னைக் காப்பாத்தினான்னு. அதையும் பிடுங்கிக்காத.” ஐஸ் பையை முடிச்சுப் போட்டாள். “அவர் நன்றி சொல்றப்பல்லாம் கேட்டுக்கோ.”

அடி வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குலுக்கலில் எனக்கு எளிய ஆள் விழுந்தான். திங்கட்கிழமை மைதானத்துப் பலகையில் என் பெயருக்கு முன்னால் முப்பத்திரண்டு என்று எரிந்தது. மூன்று வருடமாக நான் கனவு கண்ட எண் அது, நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ட்ராப் ஷாட் போடுவதில்லை என்று முடிவு செய்துதான் இறங்கினேன். மூன்றாவது செட் வரை போடவும் இல்லை. கடைசிப் புள்ளியில் எதிராளி பின்கோட்டைத் தாண்டி நின்றான், என் கை தானாகத் திரும்பியது. பந்து வலைக்கு அந்தப் பக்கம் விழுந்து செத்தது. பார்வையாளர் வரிசையில் அக்காவோடு உட்கார்ந்திருந்த மச்சான் ஊன்றுகோலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

ஆட்டம் முடிந்து நிருபர்கள் அறையில் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார்: “அந்தக் கடைசி ட்ராப் ஷாட் பிரமாதம். எங்க பழகினீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து மச்சானின் குரல் வந்தது. “எங்கயா? என் முழங்கால்லதான்!”

அறை முழுவதும் சிரித்தது. எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அவர் பக்கத்தில் அக்கா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் சிரித்தேன். அந்தப் பேட்டியைப் போட்டுப் பாருங்கள், நன்றாகவே சிரித்திருக்கிறேன்.