மடியில் என்ன?

கமலாசனியின் கண் சில நாளாகப் புருஷனின் மடியிலேயே இருந்தது. காலையில் வயலுக்குப் போகும்போது வீரகத்தி இடுப்பில் உடுத்த சாரம் தட்டையாக இருக்கும். பின்னேரம் திரும்பும்போது வலப்பக்கம், மடிக்குக் கொஞ்சம் கீழே, ஏதோ புடைத்துக்கொண்டு நிற்கும். இருமினால் அவன் கை தானாக அங்கே போய் அழுத்திப் பிடிக்கும், விழுந்துவிடக் கூடாத சாமான் போல.

சாராயக் கால்போத்தல்தான், வேறென்ன? இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது, இனிக் குடிப்பதில்லை என்று வற்றாப்பளை அம்மனுக்கு முன்னால் சத்தியம் செய்தவன். மீறினால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவளும் அங்கேயே சொல்லியிருந்தாள். பக்கத்தில் போய் வாயை மணந்து பார்த்தாள். புகையிலை மணம் மட்டும். ஆனால் வாய்க்காலுக்குத் தனியாகக் குளிக்கப் போகிறானே, அது ஏன்?

ஒருநாள் நெல்மூட்டையை வண்டிலில் ஏற்றிவிட்டு அவன் குனிந்து நின்றான். சமயம் பார்த்து எட்டிப் பிடித்தாள். சூடாக, மெத்தென்று இருந்தது. வீரகத்தி முனகிக்கொண்டே வைக்கோலில் மல்லாந்துவிட்டான். கையை எடுத்துப் பார்த்தால் புடைப்பைக் காணவில்லை.

"எங்கையப்பா ஒளிச்சனீங்கள்?"

"வயித்துக்குள்ளை."

"பகிடி விடாதேங்கோ."

"குடல்தானடி அது. பாரம் தூக்கினால் இறங்குது, படுத்தால் ஏறுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுப்பாய். அங்கை வெட்டேக்கை மற்றதையும் சேர்த்து வெட்டிப்போடுவாங்களாம். வண்டில்கார ஐயாத்துரை சொன்னவன்."

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், அதையே கமலாசனி டொக்டரிடமும் கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"வயித்துச் சுவர் ஒரு இடத்திலை நைஞ்சு போச்சு. அதுக்குள்ளாலை குடல் வருது. உள்ளை தள்ளிப்போட்டுச் சுவரைத் தைப்பம். மற்றதிலை கை வைக்கமாட்டம். ஒண்டுமட்டும் கவனம், அம்மா. படுத்தும் அது உள்ளை போகாட்டில் குடல் அழுகிப்போம். உடனை கொண்டு வரவேணும்."

ஒப்பிறேசன் நல்லபடி முடிந்தது. மூட்டை தூக்காமல் ஒரு போகம் கழிந்தது. அடுத்த போகம் வயலுக்குப் போன முதல்நாளே, பின்னேரம், இடப்பக்கம் புடைத்திருந்தது.

"என்னப்பா அது?"

"இந்தப் பக்கமும் இறங்கிட்டுது போலை கிடக்கு," என்றான் வீரகத்தி, முகத்தைப் பாராமல்.

"ஐயோ பாவம். படுங்கோ பாப்பம்."

படுத்தான். புடைப்பு அசையவில்லை. கமலாசனி வேலியடிக்குப் போய் அடுத்த வளவுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஐயாத்துரை அண்ணை, வண்டிலைக் கட்டுங்கோ. இவருக்கு உள்ளை போகுதில்லை. இண்டைக்கே திரும்ப வெட்டவேணும்."

"பொறடி, பொறு." வீரகத்தி எழும்பி மடியை அவிழ்த்துக் கால்போத்தலை நீட்டினான். "அம்மனாணை, மூடி திறக்கேல்லை."

அவள் வெளிச்சத்தில் பிடித்து மூடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உண்மைதான், திறக்கவில்லை. தாய்வீட்டுப் பயணம் தப்பியது. சாராயம் முழுவதும் வாழையடிக்குப் போனது.

அன்றிலிருந்து பின்னேரம் வந்ததும் வீரகத்தி முதலில் படுத்துக் காட்டவேண்டும். அதன் பிறகுதான் சோறு.